பதினாறு கோடியில ஒண்ணு

மணி ரெண்டேகால். நல்லம்பள்ளியைத் தாண்டி, ஹைவேயை வுட்டு எறங்கி, உள்ளே மூணு கிலோமீட்டர் மண்ணு ரோடு. ரெண்டு பக்கமும் புளியமரம்... லைட்டு கெடையாது. ஒரு வூடு கெடையாது. அந்த ரோட்டுல ஒத்த ஆளா பைக்குல போயிட்டிருக்கான் வீரமணி.

கிட்ட வந்து உக்காருங்க. கத்திச் சொல்ற கதை இல்ல இது.

வீரமணி யாருன்னா, நம்ம குரு இருக்கான்ல... அவன் சம்சாரத்தோட கூடப்பொறந்த அண்ணன். குரு வாயால கேட்டதுதான் பூராவும். வீரமணிகிட்டயே நான் ஒருக்கா நேர்ல கேட்டேன். சட்டையைத் தூக்கி வெலா எலும்புப் பக்கம் காட்டினான். அவ்ளோதான்.

பெங்களூர்ல பத்து வருசம் கம்ப்யூட்டர் வேலை பாத்தவன். அப்பாவுக்குக் கையும் காலும் இழுத்துப் படுத்துட்டாருன்னு ஊருக்கே வந்துட்டான். இங்க அவனுக்கு என்ன வேலை இருக்கப்போவுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. இருந்திச்சு. ஒரு கம்பெனி. பேரு வேணாம். ரோட்டோரமா கம்பம் நட்டு கேமரா வெக்கற கம்பெனி. லாரி வெச்சிருக்கறவங்க, குவாரிக்காரங்க எல்லாம் அவங்களுக்குக் காசு கட்டுவாங்க. என் வண்டி எங்க போச்சு, எத்தனை மணிக்குப் போச்சு, யாரு ஓட்டிட்டுப் போனா... அதத் தெரிஞ்சுக்க.

மூடிக் கெடந்த கிரானைட் பாலிஷ் ஷெட்டு ஒண்ணைப் புடிச்சாங்க. அதுக்குள்ள ஒரு கண்ணாடி ரூம் கட்டி, ஏசி போட்டு, கம்ப்யூட்டருங்கள ஆள் ஒசர இரும்பு ரேக்குல அடுக்கி வெச்சாங்க. ரெண்டு வரிசை. நடுவுல ரெண்டரை அடி சந்து. வேலைக்கு வீரமணி. காவலுக்கு முருகேஷுன்னு ஐம்பது வயசு ஆளு. இவங்களுக்கு மேல மேனேஜர், சங்கரு. மொதலாளியோட அக்கா மவன்.

இப்ப நான் சொல்றதக் கொஞ்சம் கவனமா கேளுங்க, அப்பத்தான் மத்தது புரியும்.

ஒரு வண்டி கேமராவத் தாண்டுச்சுன்னா, அதோட நம்பரு, நேரம், போட்டோ, ஓட்டறவன் மூஞ்சி எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி உள்ள போட்டுடும். அந்த மூட்டைக்குப் பேருதான் ஆப்ஜெக்ட். ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பரு. ஒரு மூட்டை இன்னொரு மூட்டையக் கையப் புடிச்சிட்டு நிக்கும். இந்த லாரி இந்த ஓனரோடது, இந்த ஓனருக்கு இந்த டிரைவருன்னு. எல்லாக் கையும் சேந்து கடைசியில ஒரே ஒரு வேர்ல போய் முடியும். எதத் தேடறதா இருந்தாலும் அந்த வேர்ல இருந்துதான் ஒண்ணொண்ணா புடிச்சிட்டு வரணும்.

நடுவுல ஒரு கைய அறுத்து வுட்டா? மூட்டை அழியாது. உள்ளயேதான் கெடக்கும். ஆனா யாரு கண்ணுக்கும் படாது... அனாதை மாதிரி, இருட்டுல. அந்த மாதிரி கெடக்கறத எல்லாம் தேடி வாரி வெளிய தள்ளறதுக்குன்னே ஒரு வேலை இருக்குது. பெருக்கறதுன்னு சொல்லுவான் வீரமணி. பெருக்கினாத்தான் நெசமா அழியும்.

அந்தக் கம்பெனியில ரெண்டு வருசமா பெருக்கவே முடியல. ஏதோ சில லட்சம் வண்டிக்குன்னு கட்டினது, வீரமணி போய்ச் சேரும்போது பதினாறு கோடி மூட்டை ஆயிடுச்சு. பெருக்கணும்னா, எது எது வேரோட ஒட்டிட்டிருக்குன்னு மொத்தப் பட்டியலையும் கம்ப்யூட்டர் ஞாபகத்துல வெச்சிக்கணும். பதினாறு கோடிய எங்க வெக்கறது... மூணு மணி நேரம் ஓடும். அப்புறம் மூச்சு முட்டி நின்னு போயிடும்.

சங்கரு மொத நாளே கூப்புட்டு சொல்லிட்டான். "நூறு கோடி மூட்டை வந்தாலும் தாங்கணும் வீரா. பெரிய கம்பெனி ஒண்ணு நம்மள வாங்கறாங்க. மாசக் கடைசியில அவங்க ஆளுங்க வந்து மொத்தத்தையும் காப்பி எடுத்து அலசுவாங்க. அதுக்குள்ள பெருக்கிடணும்."

"மூணு வாரத்துல நூறு கோடி கஷ்டம் சார்."

"அது லேட்டானா பரவால்ல. பெருக்கறது லேட்டாவக் கூடாது."

வீரமணிக்கு அப்பவே அது ஒரு மாதிரியாத்தான் பட்டுச்சு. கேக்கல.

வேலைய ஆரம்பிச்சான். ஒரே பெரிய ஃபைலா இருந்தத, மூட்டை நம்பரோட கடைசி எழுத்து பதினாறு விதமா வரும், அதப் பாத்துப் பதினாறா பிரிச்சான். எது எங்க இருக்குதுங்கற பட்டியல ஞாபகத்துல இருந்து டிஸ்க்குக்கு எறக்கினான். ஒரு பங்குல இருக்கற மூட்டை இன்னொரு பங்கு மூட்டையப் புடிச்சிட்டிருந்தா அதத் தனியா குறிச்சு வெச்சான். இனிமே மொத்தத்தையும் ஒரே நேரத்துல தூக்கத் தேவையில்ல. ஒவ்வொரு பங்கா பெருக்கலாம். எல்லாம் ராத்திரி வேலை. பகல்ல வண்டிங்க வந்து விழுந்துட்டே இருக்கும், கை வெக்க முடியாது.

மொத தடவ ஓட வுட்டுட்டு வூட்டுக்கு வந்து படுத்தான். ரெண்டு மணிக்கு செல்லு கத்துச்சு. மெசேஜு... பதினாறுல பதினஞ்சு பங்கு முடிஞ்சிருக்குது. நாலு லட்சத்துச் சொச்சம் அனாதை மூட்டை அழிஞ்சிருக்குது. கடைசிப் பங்குல நின்னு போச்சு. மிச்சம், ஒண்ணு.

முருகேஷுக்குப் போன் அடிச்சான். அடிச்சிட்டே இருந்திச்சு. எடுக்கல. பைக்க எடுத்துட்டான். அதான் நான் மொதல்ல சொன்ன ரோடு.

ஷெட்டு கேட்டு தொறந்து கெடந்திச்சு. முருகேஷோட டார்ச்சு தரையில கெடந்து எரியுது. உள்ள கால் வெச்ச ஒடனே வாசனை... ரப்பர் தீயற வாசனை. தொப்பூர் எறக்கத்துல பிரேக் புடிச்சிட்டே வர்ற லாரிக்குப் பின்னாடி போனா அடிக்குமே, அந்த வாசனை. அதோட டீசலு. கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து சத்தம் வருது.

பீங்... பீங்... பீங்...

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துமே, அது.

வீரமணி நின்னுட்டான். சத்தம் நின்னுச்சு. அப்புறந்தான் கார்ட காட்டிக் கதவத் தொறந்தான். அந்தக் கதவு உள்ளேருந்து தொறக்கவும் கார்டு வேணும், வெளிய இருந்து தொறக்கவும் கார்டு வேணும். இருந்ததே ரெண்டு கார்டு, இவன்கிட்ட ஒண்ணு, முருகேஷுகிட்ட ஒண்ணு.

ரெண்டு ரேக்குக்கும் நடுவுல முருகேஷு மல்லாக்கக் கெடக்கறாரு. முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் தட்டையா இருந்திச்சு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல... தட்டையா. காக்கி பேண்ட்டு மேல கருப்பா, கட்டம் கட்டமா டயர் அச்சு. ரேக்கு எதுவும் சாயல. ஒரு நட்டு கழண்டு விழல. அந்தச் சந்துல ஒரு சைக்கிள் போறதே கஷ்டம்.

ஆளு கத்தக்கூட இல்ல. துண்ட வாயில திணிச்சுக் கடிச்சிட்டிருந்தாரு. வீரமணி குனிஞ்சு துண்ட உருவுனான்.

"பின்னாடி பாக்காம வந்துடுச்சு சார்," அப்படின்னாரு.

"எதுங்கண்ணா?"

"வண்டி."

ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. ரேக்கு விழுந்துடுச்சுன்னு சங்கரு எழுதிக் குடுத்தான். வீரமணி பக்கத்துலதான் நின்னான். ஒண்ணும் சொல்லல.

விடிஞ்சதும் திரும்ப ஷெட்டுக்குப் போனான். தரையக் கழுவி வுட்டிருந்தாங்க. உக்காந்து, அந்த ஒத்த மூட்டை என்னன்னு பாத்தான். வேர்ல இருந்து வர்ற கை இல்லைன்னாலும், நம்பரு தெரிஞ்சா நேரா தொறக்கலாம். தொறந்தான்.

ரெண்டு வருசத்துக்கு மின்ன, ஆடி மாசம். நேரம் ராத்திரி ஒண்ணு நாப்பத்தேழு. அரூர்ல இருந்து சித்தேரி மலைக்குப் போற ரோட்டுல, அடிவாரத்துக் கேமரா. ஒரே மூட்டைக்குள்ள மூணு போட்டோ. ஒரே டிப்பர் லாரி, மூணு தடவ தாண்டியிருக்குது.

மொத போட்டோவுல ஒரு பைக்கு, லாரியோட மூஞ்சில ஒட்டிட்டிருக்குது.

ரெண்டாவதுல லாரி பின்னாடி வருது. ரிவர்ஸ் லைட்டு வெள்ளையா எரியுது. அந்த வெளிச்சத்துல ஒரு ஆளு ரோட்டு மேல உக்காந்திருக்கான். ஒரு காலு பின்பக்கமா திரும்பிக் கெடக்குது. ஆனா உக்காந்திருக்கான். உசுரு இருக்குது. ஒரு கையத் தூக்கி நிறுத்து நிறுத்துன்னு காட்டறான்.

மூணாவதுல லாரி திரும்ப முன்னாடி போவுது. உக்காந்திருந்த ஆளு இல்ல. டிரைவர் ஜன்னல் வழியா தலைய வெளிய நீட்டி, சக்கரத்துக்குக் கீழ எட்டிப் பாக்கறான். சரியா ஏறுச்சான்னு பாக்கறான். மூஞ்சி தெளிவா வுழுந்திருக்குது.

சங்கரு.

வீரமணி அந்த மூட்டையோட கைய யாரு அறுத்ததுன்னு பாத்தான். மறுநா காலையில ஏழு மணிக்கு. அதுவும் சங்கரு பேருல. பெருக்கறது ஓடும், தானா அழிஞ்சிடும்னு நெனச்சிருக்கான். பதினாறு கோடி பாரத்துல பெருக்கறதே ஓடல. ரெண்டு வருசம் அந்த ஆளு அங்கயே கைய தூக்கிட்டுக் கெடந்திருக்கான்.

செல்லுல தேடுனா, பழைய சேதி ஒண்ணு நாலு வரியில கெடச்சுச்சு. தீர்த்தகிரி, முப்பத்தாறு வயசு, சித்தேரி மலை, சாமை வெள்ளாமை பண்றவரு. அடையாளம் தெரியாத வண்டி மோதிச் சாவு. மனைவி சசிகலா. பக்கத்துல இருந்த கேமரா அன்னிக்கு வேலை செய்யலைன்னு போட்டிருந்திச்சு.

மூணு போட்டோவையும் தாள்ல அடிச்சு, மடிச்சு, பைக்கு சீட்டுக்கு அடியில வெச்சான்.

சாயங்காலம் நல்லம்பள்ளி டீக்கடையில சங்கரு வந்து எதுத்தாப்புல உக்காந்தான். ரெண்டு டீ சொன்னான்.

"எத்தினி மிச்சம்?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதான. தள்ளிட வேண்டிதான." டீய ஆத்திட்டே கேட்டான். "என்னன்னு தொறந்து பாத்தியா?"

"இல்லைங்க சார்."

சங்கரு அவனையே பாத்துட்டிருந்தான். கோவமெல்லாம் இல்ல. சிரிச்சான்கூட. "அப்பா எப்படி இருக்காரு? கைத்தடி புடிச்சு நடக்கறாராமே."

"வாசல் வரைக்கும் வருவாருங்க."

"ரோட்டுப் பக்கம் வுடாத வீரா. வண்டிங்க எல்லாம் என்னா வேகத்துல வருது."

காசக் குடுத்துட்டுப் போயிட்டான்.

இப்ப நீங்க என்ன நெனப்பீங்க, வீரமணி போலீசுக்குப் போயிருப்பான்னுதான. போவல. வூட்டுக்குப் போனான். அப்பா தின்ன சாதத்துல பாதி வாயோரம் ஒழுவிட்டிருந்துச்சு. தொடச்சு வுட்டான். பதினோரு மணிக்கு ஷெட்டுக்குக் கெளம்பிட்டான். எல்லாம் தெரிஞ்சே கெளம்பினான். இதைச் சொல்லும்போது குரு தலைய நிமித்தவே இல்ல.

கண்ணாடி ரூமுக்குள்ள தனியா உக்காந்து, கடைசிப் பங்க மட்டும் பெருக்க வுட்டான். ஏசி சத்தம். ஃபேன் சத்தம். ஸ்கிரீன்ல நம்பருங்க ஓடிட்டே இருக்குது. ஒண்ணரை மணி... ஒண்ணு நாப்பது...

ஒண்ணு நாப்பத்தேழுக்கு ஏசி நின்னுச்சு.

ஃபேனுங்களும் நின்னுச்சு. அத்தனை கம்ப்யூட்டரும் சத்தமில்லாம எரிஞ்சிட்டிருக்குது. அப்புறம் அந்த வாசனை. சூடான ரப்பரு. பின்னாடி திரும்பலாம்னு நாற்காலிய நவுத்துறான்... அடி வுழுந்துச்சு. நெஞ்சுக் குழியில. ஆளு நாற்காலியோட பறந்து போய்க் கண்ணாடிக் கதவுல மோதிக் கீழ வுழுந்தான். உள்ள ஏதோ நறநறன்னு ஒடைஞ்சது அவன் காதுக்கே கேட்டுச்சு. கண்ணாடி மேலேருந்து கீழ வரைக்கும் விரிசல் வுட்டுச்சு.

எந்திரிக்கலாம்னு பாக்கறான். முடியல. நெஞ்சு மேல ஒரு சக்கரம் வந்து நின்னுடுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நிக்குது. ஏறல. அழுத்திட்டு நிக்குது. இன்ஜின் உதர்றது எலும்புக்குள்ள தெரியுது. கன்னத்துல சூடா எண்ணெ சொட்டுது. மூச்ச இழுக்க முடியல, வுட முடியல. வாயில ரத்தம் வருது.

எத்தினி நேரமோ தெரியல. அப்புறம் பாரம் எறங்குச்சு. பீங் பீங்னு பின்னாடி போயி... நின்னுடுச்சு. ஏசி வந்துச்சு. தலையத் திருப்பி ஸ்கிரீனப் பாத்தான்.

மிச்சம், ஒண்ணு.

ரெண்டு வெலா எலும்பு ஒடைஞ்சிருந்திச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். அஞ்சாவது நாள் ராத்திரி சங்கரு, வீரமணி வூட்டு வாசல்ல காரோட வந்து நின்னான். "நாளைக்குக் காலையில காப்பி எடுக்க ஆளு வர்றாங்க. ஏறு. எப்படின்னு காட்டிக் குடு, நானே பண்ணிக்கறேன்." அப்பா வாசல்ல கட்டில்ல படுத்திருந்தாரு. சங்கரு காரு ஹெட்லைட்டு அவரு மேலயே அடிச்சிட்டிருந்திச்சு. வீரமணி ஏறிட்டான்.

வழியில சொல்லிப் பாத்தான். "வேணாங்க சார். அது போவ மாட்டேங்குது."

"கம்ப்யூட்டர்தானடா. போவ மாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்."

ஷெட்டுல காவலுக்குக்கூட ஆளு இல்ல. முருகேஷுக்குப் பதிலா யாரும் வரல. வீரமணி கார்ட காட்டிக் கதவத் தொறந்தான். கட்டளையத் தட்டி வெச்சான். இனிமே ஒரு பட்டன அமுத்தினாப் போதும்.

"நீ வெளிய நில்லு," அப்படின்னான் சங்கரு. மூட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு இவன் பாத்துடக் கூடாதாம். வீரமணி வெளிய வந்தான். கதவு தானா சாத்திக்கிச்சு. கார்டு வீரமணி கையில.

விரிசல் வுட்ட கண்ணாடி வழியா பாத்துட்டு நிக்கறான். உள்ள சங்கரு பட்டன அமுத்திட்டு, நின்ன வாக்குலயே ஸ்கிரீனப் பாக்கறான். மணி ஒண்ணு நாப்பத்தேழு.

பீங்...

சங்கரு தலையத் தூக்கினான்.

பீங்... பீங்...

ரேக்குக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான். அப்புறம் ஒரு அடி பின்னால வெச்சான். இன்னொரு அடி. அப்புறம் ஓடி வந்தான் கதவுக்கு. கைப்புடியப் புடிச்சு இழுக்கறான். தொறக்கல. கண்ணாடிய உள்ளங்கையால தட்டறான்.

"வீரா. கதவத் தொற."

கார்டு காட்டற எடத்துக்கும் வீரமணி கைக்கும் நாலு விரக்கடைதான் தூரம்.

"தொறடா... வருதுடா..."

வீரமணி கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். "அந்த ஒண்ணு என்ன சார்?"

"தெரியாதுடா. தொற மொதல்ல."

வீரமணி கைய எறக்கிட்டான்.

மொத அடி இடுப்போட வுழுந்துச்சு. சங்கரு கண்ணாடியில மூஞ்சிய அறைஞ்சு ஒட்டுனான். மூக்கு ஒடைஞ்சு ரத்தம் கண்ணாடி பூரா வழிஞ்சுச்சு. கீழ சரிஞ்சான். காலு ரெண்டும் வேற வேற பக்கம் பாத்துட்டிருக்குது. அப்பவும் உசுரு இருக்குது. எழுந்து உக்காந்தான். ஒரு கையத் தூக்கினான்.

அப்புறம் பீங் பீங்... ரெண்டாவது. அந்தச் சத்தத்த நான் சொல்ல வேணாம். கரும்பு மில்லுல கட்டா உள்ள வுடும்போது கேக்கும் பாருங்க. கத்தறது பாதியில நின்னுடுச்சு. வாய் மட்டும் தொறந்து மூடுது.

மூணாவது முன்பக்கமா போச்சு. கொஞ்சம் மெதுவா. ஏறி, நின்னு, எறங்கி.

ஒரு ரேக்கு ஆடல. ஒரு வயரு அறுவல.

சத்தம் எங்கயோ தூரமா போய் அடங்கினதுக்கு அப்புறந்தான் வீரமணி கார்ட காட்டினான். கதவு தொறந்துச்சு. ரத்தம் வாசப்படி தாண்டி வந்து அவன் செருப்ப நனைச்சுது. ஓரமா கால் வெச்சுப் போய் ஸ்கிரீனப் பாத்தான்.

மிச்சம், இல்ல.

போயிடுச்சுன்னுதான் நெனச்சான். நம்பரப் போட்டுத் தேடினான். போவல. மூட்டை அப்படியே இருந்திச்சு. ஆனா இப்ப அனாதை இல்ல. யாரோ அதக் கொண்டுபோய் நேரா வேர்லயே கட்டி வெச்சிருந்தாங்க. யாரு கட்டுனதுங்கற எடம் காலியா இருந்திச்சு.

போலீசு வந்துச்சு. கார்டு வேலை செய்யல சார், எவ்வளவோ தட்டிப் பாத்தேன்னு வீரமணி எழுதிக் குடுத்தான். நம்பிட்டாங்க. பாரம் ஏத்துன வண்டி மூணு தடவ ஏறி எறங்கின ஒடம்பு இதுன்னு டாக்டர் சொன்னாராம். ரூமுக்குள்ள வண்டி எப்படி வந்துச்சுன்னு அவர்கிட்ட யாரும் கேக்கல. ஷெட்டுக்கு சீல் வெச்சுட்டாங்க. வாங்க வந்தவங்க வந்த வழியா போயிட்டாங்க.

ரெண்டு வாரம் வீரமணிக்குத் தூக்கமில்ல. செத்தவனுக்காக இல்ல. சீட்டுக்கு அடியில இருந்த மூணு தாளுக்காக. ஒரு நா காலையில எடுத்துட்டுக் கெளம்பிட்டான். அரூருக்குப் போயி, அங்க இருந்து மலை பஸ்ஸுல சித்தேரி. வண்டி நிக்கற எடத்துல இருந்து இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. பாறை, முள்ளு, நடுவுல ஒரு ஓடை. ஒடைஞ்ச வெலாவப் புடிச்சிட்டே ஏறினான்.

பத்து பன்னெண்டு வூடு இருக்கற ஊரு. சசிகலான்னு கேட்டதும் கை காட்டினாங்க. அந்தம்மா மொறத்துல சாமை பொடச்சிட்டிருந்திச்சு. ஒல்லியா, முப்பது வயசு இருக்கும்.

"கேமரா கம்பெனியில வேலை பாத்தவனுங்க. உங்க வூட்டுக்காரரு சம்பந்தமா ஒண்ணு குடுக்கணும்."

மூணு தாளையும் குடுத்தான். மொதலத ரொம்ப நேரம் பாத்துச்சு. ரெண்டாவதப் பாக்கும்போது, கைய தூக்கிட்டு இருக்கற எடத்த வெரலால ஒருக்கா தடவுச்சு. மூணாவத ஒரு தடவதான் பாத்துச்சு. அழுவல. மடிச்சு இடுப்புல சொருவிக்கிச்சு.

"இத எங்கங்க குடுக்கறது?"

"ஸ்டேஷன்லதாங்க. நானும் வந்து சொல்றேன்."

"போலீசா? ரெண்டு வருசமா வராதவங்க." குத்திக் காட்டற மாதிரி இல்ல, சும்மாதான் சொல்லுச்சு. உள்ள போயி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

தண்ணியக் குடிக்கும்போதுதான் வீரமணி வாசலப் பாத்தான். சாணி தெளிச்ச மண்ணு தர. அதுல டயர் தடம். பெருசு, ரெட்டை டயரு. ஆழமா பதிஞ்சிருக்குது. பக்கத்து வூட்டு வாசல்லயும் இருந்திச்சு. அதுக்கு அடுத்த வூட்டுலயும்.

"இங்கெல்லாம் லாரி வருமாங்க?"

"வழி ஏதுங்க? மாடு ஏறவே பாடு."

"அப்ப இது?"

சசிகலா மொறத்தக் கீழ வெச்சுச்சு. "பத்து பாஞ்சு நாளா வருதுங்க. ராத்திரியில. எங்க வூட்டுக்குன்னு இல்ல. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நிக்குது. உள்ளேருந்து ஒரு ஆளு கூப்புடறான். எறங்க மாட்டேங்கறான்... எறங்க முடியாது போல. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லைங்க. ஸ்டேரிங்க கையால புடிச்சிட்டுத் தொங்கறான். மூக்கெல்லாம் நசுங்கிப் போயி பேச்சும் சரியா வரல."

வீரமணி மிச்சத் தண்ணிய ஒரே மடக்கா முழுங்கிட்டுக் கேட்டான்.

"என்ன வேணுமாம்?"

"யாரு வூட்டையோ தேடறான். வீரமணின்னு ஒருத்தராம். பேரத் தவிர வேற எதுவும் ஞாபகம் இல்லையாம். அப்படி யாரும் இந்த மலையிலயே இல்லைன்னு சொல்லிட்டோம். கேக்க மாட்டேங்கறான். ஒரு வூடு வுடாம ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் போவானாம். நேத்தோட இந்தப் பக்கம் முடிஞ்சுதுன்னான். அடுத்து நல்லம்பள்ளி பக்கம் எறங்கறானாம்."

காலி சொம்ப வாங்கறதுக்குக் கைய நீட்டுச்சு அந்தம்மா. நீட்டின கை அப்படியே நின்னுச்சு. அவன் மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்துச்சு.

"ஆமா... நீங்க உங்க பேரச் சொல்லவே இல்லயே?"